கல்முனையின் தெற்கு ஓரம்: சாய்ந்தமருது கேட்கும் சபை

2025 மே 6 ஆம் திகதி இலங்கையில் 339 உள்ளூராட்சி மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. அந்தப் பட்டியலில் கல்முனை மாநகர சபை இல்லை. 2018 இல் தெரிவான சபையின் காலம், ஒரு வருட நீடிப்பும் சேர்த்து, 2023 மார்ச்சில் முடிந்துவிட்டது. அதற்குச் சற்று முன், 2023 ஜனவரியில், கல்முனைக்கான வேட்புமனுக்களை ஏற்பதற்கு உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. ஏறத்தாழ ஒரு இலட்சம் பேர் வாழும் மாநகரம் ஒன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவர்கூட இல்லாமல் அதிகாரிகளின் கையில் இருந்துவருகிறது. வழக்கின் வேர், மாநகரத்தின் தெற்கு ஓரத்தில் உள்ள சாய்ந்தமருதில் இருக்கிறது.

மட்டக்களப்பிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் பஸ்ஸில் ஏறியவருக்கு இந்த ஊர்களின் எல்லை தெரியாது. பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என்று வீடும் கடையும் பள்ளிவாசலும் கோயிலுமாக ஒரே தொடர்ச்சி. பெயர்ப்பலகையைப் பார்த்துத்தான் ஊர் மாறியதை அறிய வேண்டும். உள்ளூர்க்காரருக்கு அந்தப் பலகை தேவையில்லை. மருதமுனை என்றால் நெசவு, சாரனும் சேலையும். கல்முனைக்குடி என்றால் கடற்கரைப் பள்ளி, நாகூர் ஆண்டகை பெயரிலான கொடியேற்றம். சாய்ந்தமருதுக்கு அப்படி ஒரு சொல்லில் அடையாளம் சொல்வது கடினம். மீன்பிடி, நெல், வியாபாரம், அரச உத்தியோகம் என எல்லாம் கலந்த ஊர் அது. சாய்ந்து நின்ற மருத மரத்தால் வந்த பெயர் என்பார்கள். ஊர்ப்பெயர்க் கதைகளை நான் அவ்வளவு நம்புவதில்லை, ஆனால் இந்தக் கதை ஊராருக்குப் பிடித்திருக்கிறது.

கிழக்கே கடல், மேற்கே வயல், இரண்டுக்கும் இடையில் ஒரு ஒடுங்கிய துண்டு நிலம். 17 கிராம சேவகர் பிரிவுகளைக் கொண்ட பிரதேச செயலகம். 2012 குடிசன மதிப்பீட்டில் ஏறத்தாழ 25 ஆயிரம் பேர், அநேகமாக எல்லோரும் முஸ்லிம்கள். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடம் தாய்வழிக் குடிமுறை இன்னும் செல்வாக்கோடு இருக்கிறது. பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்தே கலியாணம், மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூன்று மகள்மார் உள்ள தகப்பன் தன் வளவை மூன்றாகப் பிரிக்கிறார், அடுத்த தலைமுறை அதை மீண்டும் பிரிக்கிறது. சாய்ந்தமருதின் நெருக்கத்துக்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம். சனம் பெருகப் பெருக வீடுகள் வயல் பக்கம் நகர்கின்றன, வெள்ளம் ஓடப் போக்கிடம் குறைகிறது. ஊரை ஊடறுத்துக் கடலில் சேரும் தோணா குப்பையால் நிறைந்து கிடப்பதும், அதைத் துப்புரவு செய்வோம் என்று வாக்குறுதிகள் வருவதும் உள்ளூர்ச் செய்தி படிப்பவர்களுக்குப் பழகிப்போன விடயம். தனிச் சபை கேட்பவர்கள் வரலாற்றுக்குப் போகுமுன் முதலில் கைநீட்டிக் காட்டுவது இந்தத் தோணாவைத்தான்.

வரலாறும் அவர்களிடம் உண்டு. கல்முனை என்ற பெயரில் இவ்வளவு பெரிய பரப்பு ஒரு காலத்தில் இருக்கவில்லை. பழைய பெயர் கரைவாகு. கல்முனைக்கு ஒரு பட்டின சபை இருந்தது. கரைவாகு வடக்கு, மேற்கு, தெற்கு எனக் கிராம சபைகள் வேறாக இருந்தன. கரைவாகு தெற்கு என்பதே சாய்ந்தமருது. 1987 இன் பிரதேச சபைச் சட்டத்தோடு இந்த நான்கும் ஒன்றாக்கப்பட்டு ஒரே சபையாயின. 2001 இல் அது மாநகர சபையாகத் தரமுயர்ந்தது. ஆக, சாய்ந்தமருது கல்முனையின் புறநகராக வளர்ந்த ஊர் அல்ல. தனக்கென சபை வைத்திருந்து, பின்னர் ஒரு சட்டத்தின் மூலம் மாநகரத்தின் ஓரமாக்கப்பட்ட ஊர். அந்த இணைப்பு ஒருவரைக் கேட்டும் செய்யப்படவில்லை என்ற மனக்குறையை அங்கே யாரிடம் பேசினாலும் கேட்கலாம்.

அந்த ஆண்டுகளில் கல்முனை என்ற பெயருக்கு ஒரு கனம் சேர்ந்துகொண்டிருந்ததும் உண்மை. ஸ்ரீ லங்கா முஸ்லிம் காங்கிரஸின் ஸ்தாபகத் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் அரசியல் இந்த மண்ணில்தான் வேரூன்றியது. 2000 செப்டெம்பர் 16 ஆம் திகதி ஹெலிகொப்டர் விபத்தில் அவர் இறந்தார். கல்முனை மாநகரம் என்பது முஸ்லிம் அரசியலின் தலைநகரம் என்ற எண்ணம் அவருக்குப் பிறகும் தொடர்ந்தது. தலைநகரத்தைப் பிரிக்கக் கேட்பது துரோகம் போலவும் பார்க்கப்பட்டது.

2004 டிசம்பர் 26 இதையெல்லாம் புரட்டிப் போட்டது. இலங்கையில் சுனாமியால் அதிகம் பேர் இறந்த மாவட்டம் அம்பாறை, 10,000 பேருக்கும் மேல். அதில் பெரும்பங்கு மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது, மாளிகைக்காடு வரையான இந்தக் கரையில். கடலோரக் குடிகள் குடும்பம் குடும்பமாக அழிந்தன. கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசு முதலில் சொன்னது, பின்னர் இக்கரையில் அது 65 மீற்றராகக் குறைக்கப்பட்டது. சீதனமாக மகளுக்குக் கொடுத்த வீடு நின்ற நிலத்தில் இனிக் கட்ட முடியாது என்றால் அந்தக் குடும்பத்தின் நிலை என்ன என்பதை இந்த மீற்றர்க் கணக்குகள் பார்க்கவில்லை. மாற்று வீடுகள் வயலை நிரப்பிய மேட்டு நிலங்களில் எழுந்தன. வெனிசுவேலாவின் உதவியோடு சாய்ந்தமருதின் மேற்கில் உருவான குடியேற்றத்துக்கு அந்த நாட்டார் போற்றும் சிமோன் பொலிவாரின் பெயரே வந்தது. ஊர் வாயில் அது வொலிவேரியன் கிராமம்.

தனிச் சபைக் கோரிக்கை கட்சிகளின் கையை விட்டுத் தெருவுக்கு வந்ததற்கு இன்னொரு கதையும் உண்டு. 2011 மாநகர சபைத் தேர்தலில் சாய்ந்தமருதைச் சேர்ந்த சிராஸ் மீராசாஹிப் முஸ்லிம் காங்கிரஸ் பட்டியலில் அதிக விருப்பு வாக்குப் பெற்று முதல்வரானார். இரண்டு வருடம் கழித்துக் கட்சியின் ஏற்பாட்டின்படி பதவியைக் கல்முனையின் நிஸாம் காரியப்பருக்கு விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. கட்சிக்கு இது உள்வீட்டு விவகாரம். சாய்ந்தமருதில் அது ஊருக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொள்ளப்பட்டது. 2015 பொதுத் தேர்தல் பிரசாரத்தின்போது ரணில் விக்கிரமசிங்க தனிச் சபைக்கு வாக்குறுதி கொடுத்தார், நடக்கவில்லை. 2017 இறுதியில் கடைகள் மூடப்பட்டு ஹர்த்தால் நடந்தது. பள்ளிவாசல் நிர்வாகம் முன்னின்று ஒரு சுயேச்சைக் குழுவை இறக்கியது. 2018 பெப்ரவரியில் தோடம்பழச் சின்னத்தில் போட்டியிட்ட அக்குழு 9 ஆசனங்களை வென்றது. தேசியக் கட்சிகளையும் முஸ்லிம் கட்சிகளையும் தன் எல்லைக்குள் ஒரு ஊர் இப்படி நிராகரித்தது சாதாரண சம்பவம் அல்ல.

பள்ளிவாசல் ஊரின் அரசியலை நடத்தலாமா என்ற கேள்வி எனக்கும் உண்டு. வேட்பாளரைப் பள்ளிவாசல் தெரிவு செய்யும் இடத்தில் மாற்றுக் கருத்துக்காரருக்கும் பெண்களுக்கும் எவ்வளவு இடம் கிடைக்கும்? அதே வேளை, சபை கைவிட்டதாக நினைக்கும் ஊரில் மக்கள் கூடக்கூடிய ஒரே நிறுவனமாகப் பள்ளிவாசல் எஞ்சியது எப்படி என்பதையும் கேட்டாக வேண்டும். அந்தப் பள்ளியின் பெயரே சாய்ந்தமருது–மாளிகைக்காடு ஜும்ஆப் பெரிய பள்ளிவாசல். மாளிகைக்காடு இருப்பதோ காரைதீவுப் பிரதேச சபைக்குள். சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு, சாய்ந்தமருதை விடச் சனத்தொகை குறைந்த பிரதேசம், அதற்கு ஒரு சபை உண்டு. எங்களுக்கு ஏன் இல்லை என்று இவர்கள் கேட்பது நியாயமாகவே படுகிறது.

மறுப்பு சாய்ந்தமருதின் தகுதி பற்றியது அல்ல, மிச்சம் பற்றியது. 2012 கணக்கில் மாநகர எல்லைக்குள் கல்முனை முஸ்லிம் பிரிவில் ஏறத்தாழ 45 ஆயிரம் பேர், தமிழ்ப் பிரிவில் ஏறத்தாழ 30 ஆயிரம் பேர். சாய்ந்தமருதின் 25 ஆயிரம் வெளியேறினால் மிஞ்சும் சபையில் தமிழரின் பங்கு ஐந்தில் இரண்டாகிறது. முஸ்லிம் வாக்குகள் மருதமுனை, கல்முனைக்குடி என்றும் கட்சிகள் என்றும் பிரியும்போது முதல்வர் நாற்காலி கைமாறலாம் என்ற பயம் கல்முனைக்குடியில் வெளிப்படையாகவே பேசப்படுகிறது. அதனால், பிரிப்பதென்றால் 1987 க்கு முன்பிருந்ததுபோல் நான்காகப் பிரியுங்கள் என்றார்கள். நான்கு என்றதும் கல்முனைக் கடைத்தெரு யாருடைய எல்லைக்குள் என்ற தமிழ்–முஸ்லிம் தகராறு எழுந்துவிடும்.

இந்தக் கரையில் எல்லோரிடமும் ஒரே வாதம் இருக்கிறது. 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரித்து உருவாக்கப்பட்ட அம்பாறை மாவட்டத்தின் தலைமையகம் உள்நாட்டில், சிங்களப் பெரும்பான்மைப் பகுதியில் இருக்கிறது, ஆகவே கரையோர மாவட்டம் வேண்டும் என்கிறது கல்முனை. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தை முழு அதிகாரத்தோடு தாருங்கள் என்கிறார்கள் தமிழர்கள், 2019 ஜூனில் அதற்காக உண்ணாவிரதமும் இருந்தார்கள். தனக்குக் கேட்கும்போது உரிமையாகத் தெரிவது, பக்கத்து ஊர் கேட்கும்போது சதியாகத் தெரிகிறது.

அதே 2019 இல், ஏப்ரல் 26 இரவு, உலகச் செய்திகளில் சாய்ந்தமருதின் பெயர் வந்தது. உயிர்த்த ஞாயிறு தாக்குதலின் சூத்திரதாரி சஹ்ரானின் குடும்பத்தார் வொலிவேரியன் கிராமத்து வீடொன்றில் பதுங்கியிருந்து குண்டை வெடிக்க வைத்தார்கள். 6 சிறுவர்கள் உட்பட 15 பேர் இறந்தனர். புதிதாக வந்தவர்களைச் சந்தேகித்துத் தகவல் கொடுத்தவர்கள் அயலவர்களே. இறந்தவர்களின் சடலங்கள் சாய்ந்தமருதில் அடக்கம் செய்யப்படவில்லை. ஆனாலும் கொழும்பு ஊடகங்களில் ஊரின் பெயர் பயங்கரவாதத்தோடு ஒட்டிக்கொண்டது.

அந்த ஒட்டுதலின் விலை பத்து மாதத்தில் தெரிந்தது. 2020 பெப்ரவரி 14 ஆம் திகதி சாய்ந்தமருது நகர சபையை உருவாக்கும் அதிவிசேட வர்த்தமானி வெளிவந்தது. 2022 மார்ச்சிலிருந்து நடைமுறைக்கு வரும் என்றது. ஊரில் வெடி கொளுத்தினார்கள். முஸ்லிம்களுக்குத் தனிச் சபையா என்று தெற்கில் எதிர்ப்பு எழுந்தது. ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை, அமைச்சரவை அதை நிறுத்தியது. இப்போது அந்த வர்த்தமானி நீதிமன்றக் கோப்புகளில் ஒரு காகிதம். மருதமுனை, பாண்டிருப்பு, நற்பிட்டிமுனை என வழக்கோடு சம்பந்தமில்லாத ஊர்களும் தங்கள் குப்பை, வடிகான், தெருவிளக்கு பற்றிக் கேட்க ஒரு உறுப்பினர் இல்லாமல் மாநகர ஆணையாளருக்கே மனு எழுதுகின்றன.