மின்கம்பியின் நிறமும் மரபும்: ராயகிரி வட்டாரக் கிணற்று மோட்டார் அறையை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மின்கம்பிகளின் நிறக்குறியீடு மின்சாரத்தின் இயல்பிலிருந்து தோன்றியதன்று. நாடுகள் வெவ்வேறு காலங்களில் செய்துகொண்ட உடன்பாடு. பிரித்தானியா கைவிட்ட நிறங்கள் தமிழகத்தில் நிலைத்திருப்பதையும், புதிய நிறங்கள் அவற்றோடு கலக்கும்போது உண்டாகும் இடரையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மின்கம்பி, நிறக்குறியீடு, மும்முனை மின்சாரம், நியூட்ரல், ராயகிரி.

முன்னுரை

தென்காசி மாவட்டம் சிவகிரி வட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தை ஒட்டிய பேரூராட்சி ராயகிரி. இவ்வட்டாரத்துக் கிணற்று மோட்டார் அறைகளில் மும்முனை மின்சாரத்திற்குச் சிவப்பு, மஞ்சள், நீலக் கம்பிகளும், நியூட்ரலுக்குக் கறுப்பும், எர்த்துக்குப் பச்சையும் வழங்கிவருகின்றன. அங்கே கொண்டுவந்து செருகும் மூன்று முள் பிளக் கொண்ட கருவியின் கம்பியிலோ பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள் ஆகியன உள்ளன. ஆக, ஓர் அறைக்குள்ளேயே நீலம் இருபொருள் தருகிறது. இவ்விரட்டை வழக்கு எவ்வாறு நேர்ந்தது என்பதே இங்கு எழும் வினா.

நிறங்கள் வந்த வழி

சென்னை மாகாணத்தின் நீர்மின் திட்டங்களான பைகாரா (1932), மேட்டூர் (1937), பாபநாசம் (1944) ஆகியன ஆங்கிலேயர் ஆட்சிக்காலத்தவை. மின்சாரத்தோடு பிரித்தானியத் தொழில்மரபும் இங்கு வந்தது. சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்பு என்னும் வரிசை அம்மரபினது. விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளுள் 32-ஆம் விதி, நியூட்ரல் கம்பியைப் பிற கம்பிகளிலிருந்து பிரித்தறிய நிலையான அடையாளம் வேண்டும் என்றது. அவ்வடையாளத்தின் தேவை மின்பணியில் வெளிப்படையானது. சுவிட்சை நியூட்ரலில் பொருத்திவிட்டால், அணைந்த விளக்கின் ஹோல்டரிலும் மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும்.

ஒரே நிறம், வேறு பொருள்

உலகெங்கும் ஒரே வழக்கு இருந்ததில்லை. அமெரிக்காவில் வெள்ளை அல்லது சாம்பல் நியூட்ரலையும், கறுப்பு மின்முனையையும் குறிக்கும். ஜெர்மனியில் 1960-கள் வரை எர்த் கம்பி சிவப்பு. பிரித்தானியாவிலோ சிவப்பே மின்முனை. நாடுகளுக்கிடையே மின்கருவி வணிகம் பெருகியபோது இம்முரண் உயிருக்கே ஊறாயிற்று. ஆகவே கருவிகளின் கம்பிகளுக்குப் பழுப்பு (மின்முனை), நீலம் (நியூட்ரல்), பச்சை-மஞ்சள் (எர்த்) என்னும் பொது வழக்கு உருவாயிற்று. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவரும் எர்த் கம்பியை அதன் இருநிறப் பட்டையால் அறியலாம்.

பிரித்தானியா 1969-ஆம் ஆண்டு விதிகளால் கருவிக்கம்பிகளில் இம்மாற்றத்தை ஏற்றது. கட்டடக் கம்பிகளிலோ 2004-இல் அனுமதித்து, 2006 ஏப்ரல் முதல் கட்டாயமாக்கியது. புதிய மும்முனை நிறங்கள் பழுப்பு, கறுப்பு, சாம்பல். இதனால் முன்பு நியூட்ரலாயிருந்த கறுப்பு மின்முனையாகவும், மின்முனையாயிருந்த நீலம் நியூட்ரலாகவும் இடம் மாறின. இரு வழக்கும் கலந்த கட்டடங்களில் எச்சரிக்கைப் பலகை வைக்கவேண்டும் என்று அங்கு விதிக்கப்பட்டமை இடரின் அளவைக் காட்டும்.

பிளக்கின் வரலாறும் இத்தகையதே. பிரித்தானியா 1947-இல் புதிய தட்டைமுள் பிளக்கை வகுத்தது. அதன் பழைய உருண்டைமுள் பிளக்கின் வழிவந்த வடிவமே இந்தியாவில் இன்றும் வழங்குகிறது.

மோட்டார் அறையில் நிறம்

மும்முனை மோட்டாரில் இரு கம்பிகள் இடம் மாறினால் அது எதிர்த்திசையில் சுழலும். எனவே விவசாயிக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் வரிசை வெறும் அடையாளமன்று. மோட்டார் சுழலும் திசையைக் காக்கும் முறை. இவ்வறிவு வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் கடத்தப்படுகிறது.

அப்பழக்கம் கடல் கடக்கும்போது சிக்கல் எழுகிறது. சிங்கப்பூர் 2009-இல் புதிய நிறங்களுக்கு மாறியது. அங்குத் தொழில் பழகித் திரும்பும் தமிழ் மின்பணியாளரின் கைக்கு நீலம் நியூட்ரல். ஊர் ஸ்டார்ட்டர் பெட்டியிலோ அது மின்முனை. ஒருமுனைக் கருவி ஒன்றை அவர் சிவப்புக்கும் நீலத்திற்கும் இடையே இணைத்துவிட்டால், 230 வோல்ட்டுக்குரிய கருவி ஏறத்தாழ 400 வோல்ட்டைத் தாங்க நேரும்.

முடிவுரை

குடியேற்ற ஆட்சியின் தொழில்வழக்கை அதன் தாயகமே கைவிட்ட பின்னும் தமிழகம் பேணிவருகிறது. இதனைப் பின்தங்கிய நிலை என்று மட்டும் கொள்ளலாகாது. வழக்கை ஒரே நாளில் மாற்றினால், பழைய நிறத்தைக் கற்ற கைகளே முதலில் இடருக்கு உள்ளாகும். எனினும் இரு வழக்கும் ஒரே அறையில் சந்திப்பதால், நிறத்தை நம்பித் தொடுவதற்கு முன் சோதித்தறியும் பயிற்சி இன்றியமையாதது. நிறம் ஓர் உடன்பாடு. அவ்வுடன்பாட்டில் தொடர்புடைய இருவரும் ஒரே காலத்தைச் சேர்ந்தவராக இருப்பர் என்பதற்கு உறுதியில்லை.