கருவேலம் பெயரைப் பறிகொடுத்த கதை

கருவேலம்பூவின் மகரந்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் மணிகள் தனித்தனியாக இருக்காது. பெரும்பாலும் 16 மணிகள் ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி வட்டு மாதிரி இருக்கும். அதே அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த புளிக்கும் புங்கனுக்கும் ஒற்றை ஒற்றை மணிதான். நம் கண்மாய்களை வளைத்துப் போட்ட சீமைக்கருவேலத்துக்கும் ஒற்றைதான். பெயரில் மட்டும்தான் அது கருவேலத்துக்குப் பங்காளி!

பி.காம். படித்துவிட்டு லக்னோவில் கடன் கோப்புகளோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு மகரந்தத்தில் என்ன வேலை என்பீர்கள். இங்கே கருவேலத்தை 'பபூல்' என்கிறார்கள். அதன் தாவரவியல் பெயரைத் தேடப்போய்ச் சிக்கியதுதான் இந்தக் கதை.

'அகேசியா' என்ற பேரினத்தை 1754-ல் வகுத்தவர் பிலிப் மில்லர் என்ற ஆங்கிலேயத் தோட்டக்கலைஞர். அந்தப் பெயருக்கு ஆதார மாதிரி கருவேலம்தான். பிற்பாடு பல நாட்டு மரங்களும் அதற்குள் வந்து சேர்ந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் ஆகிவிட்டன.

1969-ல் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம், இந்த வகை மரங்களின் மகரந்தம் பற்றி பிலிப் கினே எழுதிய நூலை வெளியிட்டது. கருவேலக் கூட்டத்து மணியில் துளையோடு பள்ளக்கோடும் உண்டு. காசுக்கட்டி தரும் கருங்காலியின் கூட்டத்தில் துளை மட்டும். ஒரே பெயரில் கணக்கு வைத்திருந்தவர்கள் ஒரே வீட்டுக்காரர்கள்தானா என்ற சந்தேகம் வலுத்தது. 1986-ல் ஆஸ்திரேலியாவின் பெட்லி இதை மூன்றாகப் பிரிக்கச் சொன்னார். பின்னால் வந்த மரபணு ஆய்வுகளும் பிரிவினைக்கே சாட்சி சொல்லின.

சரி, பிரித்தால் பெயர் யாருக்கு? விதிப்படி ஆதார மாதிரி இருக்கும் பங்குக்கு, அதாவது கருவேலத்துக்கு. ஆனால் ஆஸ்திரேலிய இனங்கள் சுமார் ஆயிரம். அத்தனைக்கும் பெயர் மாற்றுவதா என்று 2003-ல் ஒரு முன்மொழிவு வைத்தார்கள். 2005-ல் வியன்னா தாவரவியல் மாநாட்டில் வாக்கெடுப்பு. எதிர்த்தவர்கள் சுமார் 55 சதவீதம். ஆனாலும் முன்மொழிவு ஜெயித்தது! குழுவின் பரிந்துரையை நிராகரிக்க 60 சதவீதம் வேண்டுமாம். கம்பெனிச் சட்டத்தில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற 75 சதவீதம் வேண்டும் என்று படித்தவன் நான்; இங்கே வீழ்த்துவதற்குக் கூடுதல் வாக்கு கேட்டிருக்கிறார்கள். ஆப்பிரிக்கத் தாவரவியலாளர்கள் கொதித்ததில் நியாயம் உண்டு என்றே படுகிறது. 2011-ல் மெல்போர்ன் மாநாடும் அதையே உறுதி செய்துவிட்டது.

கருவேலம் இப்போது 'வச்செல்லியா'. ஒரு சின்ன ஆறுதல், 1834-ல் அந்தப் பெயரைச் சூட்டிய இருவரில் ஒருவர் சென்னை ராஜதானியில் வேலை பார்த்த டாக்டர் ராபர்ட் வைட். கருங்காலி 'செனகாலியா' ஆகிவிட்டது. எங்கள் தெருமுனை பான் கடைக்காரர் வெற்றிலையில் தடவுகிற கத்தா அந்த மரத்துச் சரக்குதான். அவருக்கு அது எப்போதும் 'கைர்'.