ஓனர் சொல்றது 62 லட்சம்... வீடு அவ்வளவு பெறுமா? தண்டலம் பக்கம் வீடு வாங்குவோர் விலை பேசுவது எப்படி?

சென்னை–பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் இடையே இருக்கிறது தண்டலம். அடுத்த பக்கம் இருங்காட்டுக்கோட்டை சிப்காட், சற்றுத் தள்ளி ஒரகடம். ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்கள், கம்பெனி பஸ்ஸை நம்பி இருப்பவர்கள் எல்லாம் வாடகை கொடுத்தது போதும் என்று சொந்த வீடு தேடும் பகுதி இது. வீடு பிடித்துவிடுகிறது. விலையைக் கேட்டதும்தான் மலைப்பு வருகிறது. ‘ஜாஸ்தி சொல்றாங்க’ என்று மனசுக்குத் தெரிந்தும், எவ்வளவு ஜாஸ்தி, எவ்வளவுக்குக் கேட்பது என்று தெரியாமல் பலர் தடுமாறுகிறார்கள்.

விலை ஏன் இவ்வளவு சொல்கிறார்கள்?

முதல் காரணம் தொழிற்சாலைகள். ஹூண்டாய் தொடங்கி பாக்ஸ்கான் வரை இந்தத் தடத்தில் வேலைவாய்ப்பு இருக்கிறது. இரண்டாவது காரணம் வரப்போகும் திட்டங்கள். பரந்தூரில் விமான நிலையம் அமையும் என்று 2022 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. பூந்தமல்லியில் இருந்து பரந்தூர் வரை மெட்ரோவை நீட்டிக்கும் திட்டமும் பேசப்படுகிறது. ‘ஏர்போர்ட் வருது, மெட்ரோ வருது, அஞ்சு வருஷத்துல டபுள் ஆகிடும்’ என்பது இங்கே விற்பவர்களும் புரோக்கர்களும் சொல்லும் வழக்கமான வசனம்.

அது நடக்கலாம். ஆனால் அஞ்சு வருஷம் கழித்துக் கிடைக்கப்போகும் விலையை இன்றைக்கே கேட்கிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தத் தடத்துக்கு இன்னொரு அனுபவமும் உண்டு. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை, 2014 நவம்பரில் நின்றது. ஆயிரக்கணக்கானோரின் வேலை போனது. தொழிற்சாலையை நம்பி ஏறும் விலைக்கு அந்த ஆபத்தும் சேர்ந்தே இருக்கிறது.

அதிக விலையை யார் கொடுப்பது?

‘லோன்தானே, மாசம் கொஞ்சம் கூடக் கட்டினா போச்சு’ என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. விற்பவர் சொல்லும் விலைக்கு வங்கி கடன் தராது. வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பு, ஒப்பந்த விலை இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் கணக்குப் போடும். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனுக்கு மதிப்பில் 90 சதவீதம், 30 முதல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதற்கு மேல் 75 சதவீதம்தான் உச்சவரம்பு.

உதாரணத்துக்கு மட்டும் ஒரு கணக்கு: 1,200 சதுர அடி மனை, அதாவது அரை கிரவுண்டு. அதில் 850 சதுர அடியில் 12 வருஷப் பழைய வீடு. ஓனர் கேட்பது 62 லட்சம்.

- மனை சதுர அடி 3,000 ரூபாய் என்றால் 36 லட்சம்.
- இன்று கட்டினால் சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று வைத்தால் கட்டடம் 18.7 லட்சம். 12 வருஷத் தேய்மானத்துக்கு 18 சதவீதம் கழித்தால் சுமார் 15.3 லட்சம்.
- மொத்தம் சுமார் 51 லட்சம்.

வங்கியும் 51 லட்சம் என்றே மதிப்பிட்டால் அதிகபட்சக் கடன் 40.8 லட்சம். முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக்கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம் தனி.

- 62 லட்சத்துக்கு வாங்கினால் கையிலிருந்து 21.2 லட்சம், பதிவுச் செலவு 5.58 லட்சம். மொத்தம் 26.78 லட்சம்.
- 52 லட்சத்துக்கு வாங்கினால் கையிலிருந்து 11.2 லட்சம், பதிவுச் செலவு 4.68 லட்சம். மொத்தம் 15.88 லட்சம்.

விலையில் வித்தியாசம் 10 லட்சம். கையிலிருந்து போவதில் வித்தியாசம் 10.9 லட்சம். கூடுதல் விலை முழுக்க சேமிப்பிலிருந்தும், நகையிலிருந்தும், பெர்சனல் லோனிலிருந்தும்தான் போகும்.

சரியான விலையை எப்படிக் கண்டுபிடிப்பது?

*வழிகாட்டி மதிப்பு:* பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் இணையதளத்தில் தெரு அல்லது சர்வே எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். இது சந்தை விலை அல்ல, பதிவுக்கான அடிப்படை. இதைவிடக் குறைவாக வாங்கினாலும் முத்திரைத்தீர்வை இந்த மதிப்புக்குத்தான் கேட்பார்கள்.

*வில்லங்கச் சான்று:* அதே தளத்தில் ஈசி-யை இலவசமாகப் பார்க்கலாம். கடன், அடமானம் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கைமாற்றுத் தொகை என்ற விவரமும் அதில் இருக்கும். இந்த வீட்டை ஓனர் எந்த வருஷம் என்ன விலைக்குப் பதிவு செய்தார், பக்கத்து சர்வே எண்களில் சமீபத்தில் என்ன விலைக்குப் பதிவானது என்று தெரியும். சிலர் குறைத்துப் பதிவு செய்வதும் உண்டு என்பதால் ஒன்றிரண்டை வைத்து முடிவு செய்யாமல், நாலைந்தை ஒப்பிட்டுப் பாருங்கள்.

*வாடகை:* அந்தத் தெருவில் அதே அளவு வீட்டுக்கு வாடகை எவ்வளவு என்று விசாரியுங்கள். மாதம் 12,000 என்றால் வருஷத்துக்கு 1.44 லட்சம். 62 லட்சத்துக்கு அது சுமார் 2.3 சதவீதம்தான். ‘வாடகையே இஎம்ஐ கட்டிடும்’ என்பது இங்கே எடுபடாது. வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் தொழிலாளர் குடியிருப்பை 2024 ஆகஸ்டில் சிப்காட் திறந்தது. வாடகைக்கு ஆள் வந்துகொண்டே இருப்பார்கள் என்று கணக்குப் போடுபவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

*மழைக்காலம்:* செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்தில்தான். அந்தத் தெருவில் தண்ணீர் நிற்குமா என்று எதிர்வீட்டில் கேளுங்கள். நிற்கும் என்றால் அதுவும் விலையைக் குறைக்க ஒரு காரணம்.

எப்படிக் கேட்பது?

‘கொஞ்சம் பார்த்துக் குறைங்க சார்’ என்று கேட்டால் ஐம்பதாயிரம் குறையும். ஒரு தொகையும் அதற்கான காரணமும் சேர்த்துச் சொன்னால்தான் பேச்சு நகரும். ‘மனைக்கு இவ்வளவு, கட்டடத்துக்கு இவ்வளவு, மாடி ஒழுகுது, வயரிங் மாத்தணும், அதனால 48 சொல்றேங்க சார். பேங்க் மதிப்பும் இதுக்குப் பக்கத்துலதான் வரும்’ என்று மரியாதையாகச் சொல்லலாம். வீட்டைக் குறை சொல்வது வேறு, கணக்கைச் சொல்வது வேறு. அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடாக இருக்கலாம்.

போவதற்கு முன்பே இரண்டு எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஆரம்ப விலை, அதற்கு மேல் போகவே மாட்டேன் என்ற கடைசி விலை. மேலே சொன்ன கணக்கில் அது 48, 52. புரோக்கருக்குக் கமிஷன் பெரும்பாலும் சதவீதத்தில்தான். விலை ஏறினால் அவருக்கும் லாபம் என்பதால், கடைசி விலையை அவரிடம் சொல்லக் கூடாது. ‘இன்னைக்கு சாயங்காலம் வேற பார்ட்டி அட்வான்ஸ் கொடுக்குது’ என்ற அவசரத்துக்கும் மயங்கக் கூடாது.

விலையைக் குறைக்க முடியாத ஓனரிடம் வேறு சலுகை கேட்கலாம். ரிப்பேர் செய்து தருவது, மோட்டாரையும் அலமாரியையும் விட்டுப்போவது போன்றவை. லோன் முன் ஒப்புதல் கடிதம் கையில் இருந்தால், சீக்கிரம் பணம் கிடைக்கும் என்பதற்காகவே சிலர் இறங்கி வருவார்கள்.

‘பத்திரத்துல 45, மீதி கையில’ என்றால்?

ஒப்புக்கொள்ளாதீர்கள். பத்திரத்தில் காட்டாத பணத்துக்கு வங்கிக் கடன் கிடையாது, ஆதாரமும் கிடையாது. பின்னாளில் விற்கும்போது நீங்கள் வாங்கிய விலை 45 லட்சம் என்றே கணக்காகும், லாபத்துக்கு வரி கூடும். சொத்து விற்பனைக்கு 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமானவரிச் சட்டம் தடுக்கிறது. விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால், 1 சதவீதம் வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டுவது வாங்குபவரின் பொறுப்பு.

அட்வான்ஸ் எப்போது கொடுக்கலாம்?

மூலப்பத்திரம், பட்டா, டிடிசிபி அல்லது சிஎம்டிஏ அங்கீகாரம், ஈசி ஆகியவற்றை வக்கீல் பார்த்த பிறகுதான். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2012-லேயே சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ‘வங்கிக் கடன் கிடைக்காவிட்டாலோ, ஆவணத்தில் சிக்கல் இருந்தாலோ அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும்’ என்ற வரியை அதில் கட்டாயம் சேர்க்கச் சொல்லுங்கள். வங்கி மதிப்பு வரும் வரை அட்வான்ஸ் சிறிய தொகையாகவே இருக்கட்டும். பெரிய தொகை கொடுத்துவிட்டால் அதற்குப் பிறகு விலை பேச முடியாது.

ஓனர் இறங்கியே வராவிட்டால்?

உங்கள் தொகையையும் போன் நம்பரையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். 62 லட்சத்துக்கு வாங்க ஆள் இருந்தால் அந்த வீடு போகும், அது அவர் அதிர்ஷ்டம். ஆள் இல்லாவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் அந்தப் பக்கமிருந்தே போன் வரலாம். அதுவரை வேறு வீடு பார்ப்பதை நிறுத்த வேண்டாம்.