யாழ்ப்பாணத்து வேதாகமம்

வேதாகமத்தை மக்கள் தத்தம் மொழியிலேயே வாசித்தல் வேண்டுமென்பது சுவிசேஷ மிஷனரிமாரின் கொள்கை. அதற்குத் தமிழ்ப்புலமை வேண்டுமன்றோ? யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷனைச் சார்ந்த பேர்சிவல் பாதிரியார், தம் பாடசாலையில் கற்ற சைவ இளைஞர் ஒருவரிடம் அப்புலமையைக் கண்டார். அவரே பின்னர் நாவலர் எனப் புகழ்பெற்ற ஆறுமுகம். தம் சமயத்தைக் கைவிடாமலே அவர் மொழிபெயர்ப்பில் துணைநின்றார். அது 1850இல் வெளிவந்தது. பெப்ரீசியஸ் மொழிபெயர்ப்பிற் பழகிய சபையார் பலர் அதனை ஏற்கவில்லை. 1871இல் வெளியான போவர் ஐயர் குழுவினரின் பதிப்பே வழக்கில் நிலைபெற்றது.

ஆயினும் அவ்வுழைப்பு வீண்போகவில்லை. 1854இல் நாவலர் 'சைவதூஷணபரிகாரம்' எழுதி மிஷனரிமாரை மறுத்தபொழுது, வேதாகமம் கூறும் ஆலயக் கிரியைகளையே எடுத்துக்காட்டிச் சைவ வழிபாட்டுக்கு அரண்செய்தார். பிறர் மறைநூலை மறுப்பதற்கும் அதனைப் பழுதறக் கற்றல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.