மலைத் தண்ணீரும் வயல் கணக்கும்

 

ஹட்டனில் பெய்யும் மழைக்கு இரண்டு வழி. டிக்கோயாப் பக்கம் விழுந்தால் காசல்ரீ வழியாகக் களனி கங்கைக்குப் போய்க் கொழும்பில் கடல் சேரும். கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் விழுந்தால் கொத்மலை ஓயாவில் இறங்கி மகாவலியோடு கலக்கும். அந்த மகாவலித் தண்ணீரில் ஒரு பங்கை 1976 முதல் பொல்கொல்லவில் திருப்பி, சுரங்க வழியாக உக்குவளைக்கும் பிறகு போவத்தென்னவுக்கும் கொண்டுபோய், கலாவெவ வயல்கள் வரை பாய்ச்சுகிறார்கள். நம் தலைமேல் பெய்த மழைதான் அநுராதபுரத்தில் நெல்லாகிறது. அதனால் அங்கே எந்த நீர்ப்பாசன முறை வினைத்திறன் கூடியது என்ற கேள்வி நம்மையும் சேர்ந்தது.

உலர் வலயத்தில் ஆண்டு மழை 1750 மில்லிமீட்டருக்குக் குறைவு. அதிலும் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை கொட்டிவிட்டுப் போய்விடும். தேக்கி வைத்தால்தான் சிறுபோகம்.

பழையவர்கள் ஒரு பள்ளத்தாக்கில் மேலிருந்து கீழாகப் பல சிறுகுளங்கள் கட்டினார்கள். சிங்களத்தில் எல்லங்கா என்பார்கள். மேல் குளத்து வயலில் பாய்ந்து வடிந்த தண்ணீர் கீழ்க் குளத்தில் சேர்ந்து அடுத்த வயலுக்குப் போகும். குளத்தின் மேல்புறத்து மரங்கள் காற்றைத் தடுத்து நீர் ஆவியாவதைக் குறைக்கும், புல்வெளி வண்டலை மறிக்கும், அணைக்கட்டுக்குக் கீழுள்ள செடிகொடிகள் உப்பை உறிஞ்சும்.

5ஆம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலாவெவவிலிருந்து அநுராதபுரம் போகும் யோத எல ஏறக்குறைய 87 கிலோமீட்டர் நீளம். அதன் முதல் 17 மைலில் மைலுக்கு ஆறு அங்குலச் சரிவுதான்! அதற்கு ஒரு பக்கம் மட்டுமே கரை. மேட்டுப் பக்கம் திறந்தே இருப்பதால் சரிவில் ஓடிவரும் மழைநீரும் அதில் சேரும்.

மகாவலித் திட்டம் இந்தக் கணக்கை மாற்றியது. கால்வாய்க்கு இரு புறமும் கரை வந்தது. கலாவெவப் பகுதியில் பல சிறுகுளங்கள் வயலாக நிரவப்பட்டன. ஒரு கால்வாயை மட்டும் அளந்தால் புதியதே சிறந்தது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஒற்றைக் கரைக் கால்வாயில் நீர் அகலமாகப் பரவும், ஊறும், ஆவியாகும். ஆனால் ஊறிய நீர் ஊர்க் கிணறுகளுக்கும், வடிந்த நீர் கீழ்க் குளத்துக்கும்தானே போனது? பள்ளத்தாக்கு முழுவதையும் அளந்தால் பழைய முறைதான் முந்தும் என்பது எங்கள் எண்ணம்.

கட்டுமானத்தோடு முறையும் சேர்ந்திருந்தது. குளத்தில் நீர் குறைந்த ஆண்டில், குளத்தை ஒட்டிய வயலை மட்டும் எல்லோரும் பங்கிட்டு விதைப்பார்கள். இதற்குப் பெத்ம என்று பெயர். தூரத்து வயல்காரனுக்கும் பங்கு உண்டு. பங்கீட்டைக் கவனித்த வெல் விதானைப் பதவி 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தோடு போய்விட்டது.

அதன் விளைவைக் கல்லோயாவில் பார்க்கலாம். 1949இல் வேலை தொடங்கிய பெரிய திட்டம் அது. முப்பது வருடத்தில் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்தன. தலைப்பகுதியில் இருந்தவர்கள் அளவின்றி எடுத்தார்கள், கடைப்பகுதியில் இருந்த தமிழ் பேசும் விவசாயிகளுக்குத் தண்ணீர் எட்டவில்லை. 1981இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் பட்டதாரிகளை அங்கே கிராமங்களில் தங்க வைத்தன. ஒவ்வொரு வயல் வாய்க்காலுக்கும் ஒரு விவசாயிகள் குழு உருவானது. அவர்களே வாய்க்காலைத் துப்புரவாக்கினார்கள், முறைவைத்துப் பாய்ச்சினார்கள், மிச்சத் தண்ணீரைக் கீழே விட்டார்கள். அதில் தலைப்பகுதிச் சிங்கள விவசாயிகள் கடைப்பகுதித் தமிழருக்கு விட்டுக்கொடுத்த தண்ணீரும் உண்டு. அதுவும் எண்பதுகளில்! கால்வாய்த் திருத்த வேலை முடியும் முன்பே நீர் மிச்சமாகத் தொடங்கிவிட்டது. நீரின் வினைத்திறன் ஏறக்குறைய இரட்டிப்பானதாக ஆய்வாளர்கள் கணித்தார்கள். சீமெந்து போடாமலே கிடைத்த பலனில் பெரிய பங்கு அது.

ஆனால் இந்தக் கணக்குகள் எல்லாம் மதகில்தான் தொடங்குகின்றன. மதகுக்கு மேலே நம் மலை இருக்கிறது. கோப்பிக்காகக் காடு வெட்டினார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிய, தேயிலை வந்தது. அந்தச் சரிவுகளில் உழைத்த மக்களில் பெரும்பாலோரின் குடியுரிமையை 1948இல் பறித்தார்கள். அதனால் கீழே குடியேற்றத் திட்டங்களில் காணி பகிர்ந்தபோது தோட்டத்து மக்களுக்கு அதில் இடமிருக்கவில்லை. தண்ணீர் போனது, தண்ணீரை அனுப்பிய மண்ணில் உழைத்தவர்கள் லயத்திலேயே நின்றார்கள்.

இப்போது மண்ணும் போகிறது. செங்குத்தான சரிவில் லீக்ஸும் உருளைக்கிழங்கும் போடும் இடங்களில் பெருமழைக்கு மேல்மண் கழுவிப் போகும். அது கொத்மலையிலும் பொல்கொல்லவிலும் படிந்து, நீர் நிற்க வேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தேயிலை மலையில் கான் வெட்டுவதே மண்ணை மறித்து நீரை மெல்ல இறக்கத்தான். தூர்ந்துபோன கான்கள் எத்தனை என்று நாம் பார்த்துக்கொண்டுதானே நடக்கிறோம்? கான் வெட்டும் கூலியை வீண்செலவு என்று நினைக்கும் தோட்ட நிர்வாகங்கள், அடுத்த பெருமழைக்குத் தலவாக்கலைப் பாலத்தில் நின்று ஓயாவின் நிறத்தைப் பார்க்கட்டும்.