சாண்டரின் பயிற்சிப் பொறிகள்

முடங்கிய மூட்டையும் மெலிந்த தசையையும் பயிற்சியால் மீட்கும் கருவிகள் இன்று இயன்முறை மருத்துவக் கூடங்களில் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் முன்னோடிகளைத் தேடிச் செல்வோர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஸ்டாக்ஹோம் நகருக்கு வந்து சேர்வர். அங்கு 1813ஆம் ஆண்டில் பேர் ஹென்றிக் லிங் உடற்பயிற்சிக்கென அரசு சார்ந்த கழகமொன்றை நிறுவினார். அவர் வழிவந்த மருத்துவப் பயிற்சியில் கையே முதன்மைக் கருவி. நோயாளி முழங்கையை மடக்க முயல்வார். பயிற்றுநர் தம் கையால் அதனை இதமாகத் தடுப்பார். அத்தடையை எதிர்த்து இயங்குவதால் தசை வலுப்பெறும்.

இம்முறையின் சிறப்பையும் குறையையும் ஒருசேர உணர்ந்தவர் குஸ்தாவ் சாண்டர் (1835–1920). மருத்துவப் பட்டம் பெறுமுன்னரே பெண்கள் பள்ளியொன்றில் உடற்பயிற்சி கற்பித்தவர் அவர். மாணவியர் பலர், ஆசிரியருக்கோ இரண்டே கைகள். கை சோர்வுறும், காலையில் தந்த தடையை மாலையில் தராது. நேற்றைய தடை எவ்வளவு என வினவினால் விடை கூறவும் இயலாது. மருந்தை அளந்து கொடுக்கும் மருத்துவத்தில் பயிற்சிக்கு மட்டும் அளவில்லாதிருந்தது.

சாண்டர் நெம்புகோலை நாடினார். அளவுக் குறிகள் இட்ட தண்டின்மீது எடைக்குண்டு நகரும். மையத்திலிருந்து அதனைத் தள்ளி வைத்தால் தடை மிகும். அருகே கொணர்ந்தால் குறையும். பழைய சந்தைகளில் மீன்காரர் கையில் தொங்கிய டாச்சிங் தராசை நினைவுகூர்வோர்க்கு இது எளிதில் விளங்கும். இதனினும் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. தசையின் வலிமை ஓர் அசைவின் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவினதன்று. தண்டு சுழலும் கோணத்திற்கேற்பத் தடையும் ஏறி இறங்குமாறு சாண்டர் பொறிகளை அமைத்தார். தாமே அசைய இயலாதோர்க்கு, நீராவி விசையால் இயங்கி உறுப்புகளை அசைத்தும் பிசைந்தும் கொடுக்கும் பொறிகளையும் செய்தார். தமிழில் பொறி என்னும் சொல் எந்திரத்தையும் குறிக்கும், ஐம்பொறி என உடலுறுப்பையும் குறிக்கும், எலியைப் பிடிப்பதையும் குறிக்கும். சாண்டரின் வரலாற்றுக்கு மூன்று பொருளும் வேண்டியிருக்கின்றன.

1865ஆம் ஆண்டில் 27 பொறிகளுடன் அவரது நிலையம் ஸ்டாக்ஹோமில் திறக்கப்பட்டது. 1876ஆம் ஆண்டுப் பிலடெல்பியா கண்காட்சி அவற்றை உலகறியச் செய்தது. ஸ்டாக்ஹோமின் யோரன்சன் பட்டறையும், பின்னர் ஜெர்மனியில் வீஸ்பாடன் நகரின் ரோசல், ஷ்வார்ட்ஸ் நிறுவனமும் அவற்றைத் தயாரித்தன. ஒவ்வொரு பொறிக்கும் எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு உண்டு. வடிவம் ஒன்றாகவே இருந்தமையால் ஒரு நகர மருத்துவர் எழுதிய பயிற்சிச் சீட்டை மற்றொரு நகரத்திலும் பின்பற்ற முடிந்தது. தொழிற்சாலை மருத்துவத்திற்கு அளித்த கொடை இதுவே என்பேன். செல்வர் உலகும் இவற்றை விரும்பியது; 1912இல் டைட்டானிக் கப்பலின் முதல் வகுப்புப் பயிற்சிக்கூடத்தில் இருந்த மின்குதிரையும் மின்னொட்டகமும் வீஸ்பாடனில் செய்யப்பட்டவையே.

ஆயினும் ஜெர்மனியில் இப்பொறிகள் பெருகியதற்குச் செல்வரைவிடத் தொழிலாளரே பெருங்காரணம். 1884ஆம் ஆண்டின் விபத்துக் காப்புறுதிச் சட்டம், வேலையில் காயமுற்றோரின் செலவை 14ஆம் வாரத்திலிருந்து முதலாளிகளின் காப்புறுதிச் சங்கங்கள்மீது சுமத்தியது. உழைக்கும் திறனை முற்றாக இழந்தவர்க்கு ஊதியத்தில் மூன்றில் இரு பங்கு ஓய்வூதியம்; ஓரளவு இழந்தவர்க்கு இழப்பின் விழுக்காட்டிற்கேற்ப. எனவே காயமுற்றவரை விரைந்து குணப்படுத்துவது சங்கங்களுக்கு மனிதநேயமாகவும் இலாபமாகவும் ஒருங்கே அமைந்தது. சாண்டர் பொறிகள் அதற்குரிய வழியாகத் தோன்றின.

நசுங்கிய விரல் நாளுக்கு நாள் சற்றே கூடுதலாக மடங்குவதைக் கண்டு மகிழ வேண்டிய தொழிலாளி, அது மடங்க மடங்க ஓய்வூதியம் குறையுமே என அஞ்ச வேண்டியவரானார். வலியைச் சொன்னால் நடிக்கிறார் என்ற ஐயம் எழுந்தது. பல இடங்களில் அவர் உண்மையிலேயே நலம் பெற்றார் என்பதையும் மறுத்தற்கில்லை. ஆனால் அந்நிலையங்களுக்கு ஜெர்மானியத் தொழிலாளர் வழங்கிய பெயர்கள் வேறு: ஒன்று ஓய்வூதியப் பிழிவகம், மற்றொன்று எலும்பு ஆலை.