விளையாட்டுப் பெட்டிக்குள் அந்தலூஸ்: ஓடுகள் சொல்லும் வரலாறு



பள்ளி விடுமுறை நாள்களில், இஷாத் தொழுகை முடிந்ததும் கைப்பேசிகளை அலமாரியில் வைத்துவிட்டு, எங்கள் வீட்டில் நால்வரும் பாயில் அமர்ந்து விளையாடுவது வழக்கம். அண்மைக் காலமாக நாங்கள் விரும்பி ஆடுவது 'அஸூல்' என்னும் வண்ண ஓட்டு விளையாட்டு. ஜெர்மானியரான மைக்கேல் கீஸ்லிங் வடிவமைத்து 2017இல் வெளிவந்த இது, மறு ஆண்டே ஜெர்மனியில் ஆண்டின் சிறந்த விளையாட்டுக்கான விருதைப் பெற்றது.

ஆட்டம் எளிது. ஐந்து வகை ஓடுகள். வகைக்கு 20 வீதம் மொத்தம் 100. நால்வர் ஆடும்போது நடுவில் ஒன்பது வட்டங்கள் வைத்து, ஒவ்வொன்றிலும் நான்கு ஓடுகளைப் பையிலிருந்து எடுத்துப் பரப்ப வேண்டும். நம் முறை வரும்போது ஒரு வட்டத்திலுள்ள ஒரே வண்ண ஓடுகள் அனைத்தையும் எடுக்கலாம். எஞ்சியவை நடுவே தள்ளப்படும். எடுத்தவற்றால் நம் பலகையின் வரிசைகளை நிரப்பினால், நிரம்பிய வரிசைக்கு ஓர் ஓடு சுவரில் ஏறும். அருகருகே ஓடுகள் சேரச் சேர மதிப்பெண் கூடும். இடமின்றி மிஞ்சியவை தரையில் விழும். அவற்றுக்கு மதிப்பெண் குறையும். ஆகவே, ஆசைப்பட்டு அதிகம் அள்ளியவரே பெரும்பாலும் தோற்பார். பகடை இல்லை, பணயம் இல்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதை நாமறிவோம். குடும்பத்தாருடன் மகிழ்ந்திருக்கும் நேரம் வீண் நேரமன்று.

அன்றொரு நாள் இளைய மகள் விளையாட்டின் கையேட்டைப் படித்துக்கொண்டிருந்தாள். அதன் முன்னுரை ஒரு கதை சொல்கிறது. போர்ச்சுகல் மன்னர் முதலாம் மனுவேல், ஸ்பெயினின் அல்ஹம்ரா மாளிகைக்குச் சென்று, அங்கிருந்த முஸ்லிம்களின் ஓட்டு வேலைப்பாட்டில் மெய்மறந்து, தம் அரண்மனையையும் அவ்வாறே அலங்கரிக்க ஆணையிட்டாராம். படித்து முடித்தவள் கேட்டாள்:

"வாப்பா, ராஜாவுக்கு அந்தச் சுவரு அவ்வளவு பிடிச்சிருந்துச்சுன்னா, அதைச் செஞ்ச ஆளுங்க எல்லாம் எங்கே போனாங்க?"

கையேட்டில் அதற்கு விடையில்லை. அந்த விடையைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

முதலில் பெயரிலிருந்து தொடங்குவோம். 'அஸூல்' என்றால் ஸ்பானிய, போர்ச்சுகீசிய மொழிகளில் நீலம். அந்நாடுகளில் சுவர் ஓட்டுக்கு 'அஸுலேஜு' என்று பெயர். நீல ஓடுகள் மிகுதியாதலால் நீலத்திலிருந்து இப்பெயர் வந்தது எனப் பலர் எண்ணுவர். உண்மையில் அது 'அஸ்ஸுலைஜ்' என்னும் அரபுச் சொல்லின் திரிபு. நீலத்தைக் குறிக்கும் 'அஸூல்' வேறொரு வழியில் வந்தது. பாரசீகத்தில் நீலக்கல்லைக் குறித்த 'லாஜ்வர்த்' அரபு வழியாக ஐரோப்பாவை அடைந்தது. ஆக, இரு சொற்களும் முஸ்லிம்களின் பட்டறைகளையும் சந்தைகளையும் கடந்து சென்றவையே.

அல்ஹம்ராவின் கட்டுமானத்தை 1238இல் கிரனடாவைக் கைக்கொண்ட நஸ்ரீ வமிசத்தின் முதல் சுல்தான் முஹம்மத் இப்னுல் அஹ்மர் தொடங்கினார். அதன் புகழ்பெற்ற பகுதிகள் 14ஆம் நூற்றாண்டில் முதலாம் யூசுஃப், அவருடைய மகன் ஐந்தாம் முஹம்மத் ஆகியோர் காலத்தில் உருவாயின. சுவர்களின் கீழ்ப்பகுதியில் ஓட்டுக் கோலங்கள். அவற்றுக்கு மேலே சுண்ணச் சிற்பங்கள். எங்கு நோக்கினும் 'வலா ஃகாலிப இல்லல்லாஹ்', அதாவது அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் எவனுமில்லை என்னும் வாசகம். ஆளும் வமிசமே தன் வாயிலில் இவ்வாறு எழுதி வைத்தது.

அந்த ஓட்டு வேலை இன்றும் மொராக்கோவின் ஃபெஸ் நகரில் நடக்கிறது. மெருகேற்றிச் சுட்ட ஓட்டைத் தொழிலாளி தரையில் அமர்ந்து, கூரிய சுத்தியலால் நட்சத்திரமாகவும் பட்டையாகவும் கையால் கொத்தி எடுக்கிறார். பின் அத்துண்டுகளை வண்ணப்பக்கம் கீழே இருக்குமாறு கவிழ்த்து அடுக்குகிறார்கள். அடுக்குபவருக்கு வண்ணம் தெரியாது. முழுக் கோலமும் மனத்தில் இருக்க வேண்டும். பின்புறம் சாந்து ஊற்றி இறுகிய பிறகு நிமிர்த்தினால்தான் செய்தது சரியா என்பது புலப்படும்.

இனி மகளின் கேள்விக்கு வருவோம். 1491 நவம்பரில் கிரனடாவின் கடைசி சுல்தான் அபூ அப்துல்லாஹ், கத்தோலிக்க மன்னர்களான ஃபெர்டினாண்ட், இசபெல்லாவுடன் உடன்படிக்கை செய்தார். முஸ்லிம்களின் மார்க்கமும் பள்ளிவாசல்களும் சொத்துகளும் பாதுகாக்கப்படும் என்பது வாக்குறுதி. 1492 ஜனவரி 2 அன்று நகரம் கைமாறியது. பத்தாண்டுகள்கூட அந்த வாக்கு நிலைக்கவில்லை. 1499 முதல் கட்டாய மதமாற்றம் தொடங்கியது. 1502இல் காஸ்டில் அரசின் முஸ்லிம்கள் மதம் மாறவேண்டும் அல்லது வெளியேறவேண்டும் என ஆணை வந்தது. மதம் மாறியவர்களின் வழித்தோன்றல்களும் தப்பவில்லை. 1609 முதல் 1614 வரை ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நாடு கடத்தப்பட்டனர்.

கதையில் வரும் மனுவேலோ இன்னும் முந்திக்கொண்டார். ஸ்பெயின் அரச குடும்பத்தில் பெண்ணெடுக்கும் தருணத்தில், 1496 டிசம்பரில், போர்ச்சுகலின் யூதர்களும் முஸ்லிம்களும் வெளியேற வேண்டுமென அவர் ஆணையிட்டார். யூதர்களின் பிள்ளைகள் பறிக்கப்பட்டனர். பெரும்பாலோர் வலிந்து ஞானஸ்நானம் செய்விக்கப்பட்டனர். தலைமுறை தலைமுறையாக அங்கு வாழ்ந்த முஸ்லிம்கள் ஊரைவிட்டுப் போயினர். அவர்கள் வாழ்ந்த பகுதி லிஸ்பனில் இன்றும் 'மோராரியா' என்றே வழங்குகிறது. அதே மன்னர் சிந்த்ரா அரண்மனைக்காக, முஸ்லிம் கைவண்ணத்தின் மரபில் செவில் நகரில் செய்யப்பட்ட ஓடுகளைத் தருவித்தார். அவை இன்றும் அங்கே உள்ளன. கலை வேண்டும், கலையைத் தந்த சமூகம் வேண்டாம் என்பது அவருடைய கணக்கு.

இது தொலைதூரக் கதையன்று. முஸ்லிம்களை வெளியேற்றிய அதே 1497இல்தான் மனுவேல் வாஸ்கோ டா காமாவைக் கடலில் அனுப்பினார். மறு ஆண்டு மே மாதம் அவருடைய கப்பல்கள் கோழிக்கோட்டை அடைந்தன. இரண்டாம் பயணத்தின்போது, 1502இல், மக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் நிறைந்த கப்பலை டா காமா தீயிட்டு எரித்தார். அதன்பின் போர்ச்சுகீசியரைக் கடலில் எதிர்த்து நின்ற குஞ்ஞாலி மரக்கார்களின் வரலாறும், அக்கொடுமைகளைத் 'துஹ்ஃபத்துல் முஜாஹிதீன்' நூலில் பதிவு செய்த ஷைகு ஜைனுத்தீன் மக்தூம் அவர்களின் பெயரும் நம் கரையோர ஊர்களுக்குப் புதியவையல்ல. போர்ச்சுகல் முஸ்லிம்களின் துயரமும் மலபாரின் துயரமும் ஒரே அரண்மனையிலிருந்து புறப்பட்டவை.

அப்படியானால் அந்த மக்கள் எங்கே போனார்கள்? பலர் கடல் கடந்து வட ஆப்பிரிக்கா சென்றனர். மொராக்கோவில் பாழடைந்து கிடந்த தெத்துவான் நகரை 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீண்டும் எழுப்பியவர்கள் கிரனடாவிலிருந்து வந்த அகதிகளே. அவ்வூரின் வீடுகளிலும் இசையிலும் சமையலிலும் அந்தலூஸ் இன்றும் இருக்கிறது. நிலத்தை இழந்தவர்கள் கைத்தொழிலையும் ஈமானையும் இழக்கவில்லை.

இதையெல்லாம் மகளிடம் சொன்னபோது அவளுக்கு வந்தது கோபம். "அப்போ இந்த விளையாட்டை ஆட வேணாம்" என்றாள். அவளுடைய உம்மா நிதானமாகச் சொன்னார்: "ஆடாம வெச்சிட்டா அவங்களை யாரு நினைக்கப் போறாங்க? ஆடுவோம்மா. யாராவது புதுசா ஆட வந்தா, இந்தப் பாதியையும் நீ சொல்லு."

எனக்கும் அதுவே சரியெனப் பட்டது. விளையாட்டைச் செய்தவர் மேல் நமக்கு வருத்தமில்லை. ஒரு பெட்டியின் முன்னுரையில் எவ்வளவுதான் எழுத முடியும்? விடுபட்டதைச் சொல்லித்தருவது வீட்டின் கடமை. நம் பிள்ளைகள் அந்தலூஸைப் பற்றிக் கேட்பதெல்லாம் வீழ்ச்சியின் கதையாகவோ வெறும் பெருமையாகவோ இருக்கிறது. கவிழ்த்து அடுக்கிய ஓடுகளையும், முழுக் கோலத்தையும் மனத்தில் சுமந்த ஒரு தொழிலாளியின் பொறுமையையும் அவர்கள் அறிவதில்லை.

இப்போது எங்கள் வீட்டிற்கு உறவினர் பிள்ளைகள் வந்தால், முதலில் இளையவள் கதை சொல்கிறாள். பிறகே ஓடுகளைப் பரப்புகிறாள். ஆட்டம் முடிந்ததும் 100 ஓடுகளையும் எண்ணிப் பையில் போடுவதும் அவள் பொறுப்பே. ஒன்று குறைந்தாலும் பாயை உதறித் தேடாமல் விடமாட்டாள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், முன்னோரை நினைவுகூரும் உள்ளத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.